தைராய்டு அறுவைக்குப் பின் செவிலியர் கண்காணிப்பு: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நாளமில்லாச் சுரப்பி நோய்களில் பல மெல்ல வளர்பவை. அவற்றுக்கான செவிலியர் பணியும் ஆண்டுக்கணக்கில் நீள்வது. தைராய்டு சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவரின் நிலை வேறு. முதல் சில நாட்களுக்குள் இரண்டு ஆபத்துகள் அவரை நெருங்கலாம்: கழுத்துக்குள் குருதி தேங்குதல், இரத்தத்தில் கால்சியம் குறைதல். கருவிகள் காட்டும் முன்பே இவ்விரண்டையும் நோயாளியின் வாய்ச்சொல் உணர்த்திவிடும் என்பதே என் துணிபு.

2. குருதித் தேக்கம்

பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் 1909இல் நோபல் பரிசு பெற்றார். குருதிக் கசிவை அடக்குவதில் அவர் காட்டிய பொறுமை தைராய்டு அறுவையில் இறப்புகளைப் பெரிதும் குறைத்தது. ஆனால், அறுவை அரங்கில் அடங்கிய கசிவு, இருமலாலோ வாந்தியாலோ இரத்த அழுத்தம் ஏறுவதாலோ வார்டில் மீண்டும் தொடங்கலாம். பெரும்பாலும் இது முதல் 24 மணி நேரத்துக்குள் நிகழும்.

தேங்கிய குருதி சிரை ஓட்டத்தைத் தடுக்கிறது. அதனால் குரல்வளையின் உட்சவ்வு வீங்கி மூச்சுவழி சுருங்குகிறது. ஆக்சிஜன் அளவு சரிவதோ கடைசிக் கட்டத்தில்தான். அதற்கு வெகு முன்பே, “தொண்டையை இறுக்குது சிஸ்டர், படுக்க முடியல” என்பார் நோயாளி. எச்சில் விழுங்கத் திணறுவார், நிலைகொள்ளாமல் தவிப்பார். இந்தத் தவிப்பைப் பயம் என்று எண்ணித் தூக்க மருந்து கொடுப்பதைவிடக் கொடிய பிழை இங்கே இல்லை. டிரெயின் குழாயில் இரத்தம் வராததும் ஆறுதல் அல்ல. உறைகட்டி குழாயை அடைத்திருக்கலாம். கட்டின் முன்பக்கம் உலர்ந்திருந்தாலும் பிடரிக்கு அடியில் கைவைத்துப் பார்க்க வேண்டும்.

மூச்சுத் திணறல் தொடங்கினால் படுக்கையிலேயே தையலைப் பிரித்துக் குருதியை வெளியேற்றுவதே உயிர்காக்கும். அதற்கான கருவிப்பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியருக்கு இதைச் செய்யும் அதிகாரத்தை மருத்துவமனைகள் எழுத்திலேயே தர வேண்டும்.

3. கால்சியம் குறைதல்

கால்சியம் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அறுவையின்போது காயப்பட்டால் கால்சியம் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அடிமட்டத்தைத் தொடலாம். வாயைச் சுற்றியும் விரல்நுனிகளிலும் மரமரப்பு தோன்றும். பிறகு தசை இறுகும். காதருகே தட்டிப் பார்க்கும் சுவோஸ்டெக் சோதனை நலமாக உள்ள சிலருக்கும் நேர்முடிவு காட்டும். இரத்த அழுத்தப் பட்டையை மூன்று நிமிடம் இறுக்கிப் பார்க்கும் ட்ரூசோ சோதனையே கூடுதல் நம்பகமானது. சிரைவழி கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக, இதயத்துடிப்பைக் கண்காணித்தபடியே செலுத்த வேண்டும். மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் திசு அழுகக்கூடும்.

4. வீடு திரும்புகையில்

இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பப்படுபவருக்கு மரமரப்பு வீட்டில் தொடங்கக்கூடும். அதை உடனிருப்பவருக்கும் சொல்லிப் புரியவைத்தால்தான், களைப்பு என்று விட்டுவிடாமல் அன்றே அழைத்துவருவார்கள். தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றிலும், கால்சியம் மாத்திரையைக் குறைந்தது நான்கு மணி நேரம் கழித்தும் விழுங்க வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைராக்சின் உடலில் சரியாகச் சேராது.