வரிசைத் தொடர்களை இணைத்தல்: ஒப்பீட்டு மரத்தின் வடிவமும் இயக்கமும்

முன்னுரை

ஏறுவரிசையில் உள்ள பல தொடர்களை, அவ்வரிசை குலையாமல் ஒரே தொடராக எப்படி இணைப்பது? நிரலாக்கப் பாடநூல்கள் பெரும்பாலும் தரும் விடை ஒன்றுதான். ஒவ்வொரு தொடரின் முதல் உறுப்பையும் ஹீப் எனப்படும் குவியலில் இட வேண்டும். மிகச் சிறியதை எடுத்து வெளியிட வேண்டும். அது எந்தத் தொடரிலிருந்து வந்ததோ அதன் அடுத்த உறுப்பை அந்த இடத்தில் வைக்க வேண்டும். தொடர்களின் எண்ணிக்கை க, மொத்த உறுப்புகள் ந என்று கொண்டால், செலவு ‘ந × மடக்கை க’ என்ற அளவில் அமையும். இங்கு மடக்கை என்பது இரண்டை அடிமானமாகக் கொண்டது.

இந்த விடையில் பிழை இல்லை; குறை உண்டு. தொடர்களின் நீளம் சமமா என்று அது கேட்பதில்லை. தரவு நினைவகத்தில் இருக்கிறதா, வட்டில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. முழு விடையும் வேண்டுமா, முதல் பத்து உறுப்புகள் போதுமா என்றும் கேட்பதில்லை. எல்லா இணைப்பு முறைகளையும் ஓர் ஒப்பீட்டு மரமாகக் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மரத்தின் வடிவம் ஒப்பீடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்கிறது. அந்த மரத்தை எந்த ஒழுங்கில் இயக்குகிறோம் என்பது, தரவு எத்தனை முறை இடம்பெயர்கிறது என்பதை முடிவு செய்கிறது. இவை இரண்டு தனித்தனித் தேர்வுகள். குவியல் என்ற ஒற்றை விடை இரண்டையும் ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது.

1. இரண்டிலிருந்து பலவற்றுக்கு

இணைத்தல் கணினியைவிட மூத்தது. 1930களின் பிற்பகுதியில் வந்த ஐபிஎம் 077 என்ற இயந்திரம், வரிசைப்படுத்திய இரண்டு துளையட்டைக் கட்டுகளை ஒன்றாக்கித் தந்தது. ஜான் வான் நாய்மன் 1945இல் எட்வாக் கணினிக்காக எழுதிய நிரலும் வரிசையாக்கத்துக்கானதே. அதன் கருவாக இருந்தது இரு தொடர் இணைப்பு.

இரண்டை இணைக்கத் தெரிந்தால் பலவற்றையும் இணைத்துவிடலாம். ஆனால் எந்த ஒழுங்கில் என்பதில்தான் செலவு இருக்கிறது. தலா 1,000 உறுப்புகள் கொண்ட 16 தொடர்களை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டை இணைத்து, விடையுடன் மூன்றாவதை, பிறகு நான்காவதை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் மொத்தம் 1,35,000 உறுப்புகள் இடம்பெயரும். இணை இணையாகச் சேர்த்து 16ஐ 8 ஆக்கி, 8ஐ 4 ஆக்கிச் சென்றால் நான்கே சுற்றுகள், இடப்பெயர்வு 64,000. முதல் முறை ஒரு பக்கம் சாய்ந்த மரம், இரண்டாவது சமச்சீர் மரம். இரண்டிலும் இணைப்புக் கணுக்கள் 15தான். வேறுபாடு வடிவத்தில் மட்டுமே உள்ளது.

குவியலும் இந்தச் சமச்சீர் மரத்துக்கு நெருங்கிய உறவே. சுற்றுச் சுற்றாக முடிக்காமல், ஓர் உறுப்பு வெளியேறும்தோறும் மரத்தின் ஒரு பாதையை மட்டும் அது புதுப்பிக்கிறது. ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் 1964இல் வெளியிட்ட இக்குவியலில், மேலிருந்து இறங்கும் ஒவ்வொரு நிலையிலும் இரண்டு ஒப்பீடுகள் தேவை: பிள்ளைகள் இரண்டில் சிறியது எது என்பது ஒன்று, அது இறங்கிவரும் உறுப்பைவிடச் சிறியதா என்பது மற்றொன்று. டொனால்ட் நூத் 1973இல் வெளியிட்ட தம் நூலின் மூன்றாம் தொகுதியில் விரிவாக ஆராயும் ‘தோற்றோர் மரம்’ இந்த இரட்டைச் செலவைத் தவிர்க்கிறது. அதில் ஒவ்வொரு கணுவும் அங்கு நடந்த போட்டியில் தோற்றவரை நினைவில் வைத்திருக்கும். புதிதாக வரும் உறுப்பு தன் இலையிலிருந்து வேர்வரை ஏறும்போது, வழியில் உள்ள தோற்றோருடன் மட்டும் மோதினால் போதும். நிலைக்கு ஓர் ஒப்பீடு. 16 தொடர்களுக்கு ஓர் உறுப்புக்கு நான்கு ஒப்பீடுகளில் வேலை முடிகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. ஒரே தொடரின் உறுப்புகள் கூட்டமாக அடுத்தடுத்து வெளியேறும் தரவில், குவியல் வேரிலேயே இரண்டு ஒப்பீடுகளுடன் நின்றுவிடும். தோற்றோர் மரமோ ஒவ்வொரு முறையும் வேர்வரை ஏறியே தீரும். ஆகவே ‘எது சிறந்த அமைப்பு’ என்ற கேள்விக்குத் தரவைப் பார்க்காமல் விடை சொல்ல இயலாது.

2. நீளம் சமமில்லாதபோது

பாடநூல் விடையின் பெரிய குறை நீளங்களைப் பற்றியது. 1,00,000 உறுப்புகள் கொண்ட ஒரு தொடரும், தலா 100 உறுப்புகள் கொண்ட 15 தொடர்களும் இருப்பதாகக் கொள்வோம். சமச்சீர் மரத்தில் நீண்ட தொடரும் நான்கு நிலைகளைக் கடக்க வேண்டும். மொத்த இடப்பெயர்வு 4,06,000. சிறிய தொடர்களை முதலில் தங்களுக்குள் இணைத்துவிட்டு (5,900), நீண்டதைக் கடைசியில் சேர்த்தால் (1,01,500) மொத்தம் 1,07,400. கால்பங்கு செலவை ஒட்டிய அளவில் அதே விடை கிடைக்கிறது.

இந்த வடிவத்தைக் கண்டறியும் விதி புதிதன்று. டேவிட் ஹஃப்மன் 1952இல் குறியீடுகளைச் சுருக்குவதற்காக வகுத்த விதியே இது: இருப்பவற்றில் மிகச் சிறிய இரண்டை இணை, விடையைத் திரும்பப் பட்டியலில் சேர், மீண்டும் செய். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு கிடைப்பதும், நீண்ட தொடருக்கு வேரின் அருகில் இடம் கிடைப்பதும் ஒரே கணக்கின் இரு பயன்கள்.

இந்த உறவு தற்செயலானதும் அன்று. க தொடர்களை இணைக்கையில் கிடைக்கக்கூடிய வெவ்வேறு கலப்பு ஒழுங்குகளின் எண்ணிக்கையை, ந-வின் காரணீயப் பெருக்கத்தைத் தொடர்நீளங்களின் காரணீயப் பெருக்கங்களால் வகுத்துப் பெறலாம். ஓர் ஒப்பீடு, இருக்கும் வாய்ப்புகளைச் சிறந்த நிலையிலும் பாதியாக்கத்தான் முடியும். எனவே அவ்வெண்ணிக்கையின் மடக்கையே எந்த முறைக்கும் கீழ்வரம்பு. நீளங்கள் சமமானால் அது ஏறத்தாழ ‘ந × மடக்கை க’. சமமில்லையெனில், ஷானன் 1948இல் வரையறுத்த என்ட்ரோபியை ந-வால் பெருக்கக் கிடைப்பது. அது முன்னதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 17,000 ஒப்பீடுகள்.

அந்த வரம்பை நெருங்கவும் முடியும். ஹ்வாங், லின் இருவரும் 1972இல் காட்டிய முறை, சிறிய தொடரின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெரிய தொடரில் தாவித் தாவி இடம் தேடுகிறது. 1,500ஐ 1,00,000உடன் இணைக்க அதற்கு அதிகம்போனால் 12,061 ஒப்பீடுகள் தேவை. சிறியவற்றைத் தங்களுக்குள் இணைக்கும் செலவையும் கூட்டினால் மொத்தம் 18,000க்குள் அடங்குகிறது. ‘ந × மடக்கை க’ என்ற பொதுவிடை இதே தரவுக்கு நான்கு லட்சத்தைக் காட்டுகிறது என்பதை நோக்க, வடிவத்தைப் புறக்கணிப்பதன் விலை விளங்கும்.

ஹஃப்மன் வடிவத்துக்கு ஒரு தடை உண்டு. சம மதிப்புடைய உறுப்புகள் தம் மூல ஒழுங்கைக் காக்க வேண்டும் என்றால், அடுத்தடுத்துள்ள தொடர்களை மட்டுமே இணைக்கலாம். அல்லது ஒவ்வோர் உறுப்புடனும் அதன் தொடர் எண்ணைச் சுமந்து செல்ல வேண்டும். டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தான் மொழிக்காக உருவாக்கிய டிம்சார்ட் என்ற வரிசையாக்க முறை முதல் வழியைத் தேர்ந்தது. அதன் இணைப்பு ஒழுங்கைக் காக்கும் விதி ஒன்று எல்லா நிலையிலும் நிற்பதில்லை என்பது, 2015இல் முறைசார் நிறுவல் கருவி கொண்டு வெளிப்பட்டது. மன்றோ, வைல்ட் ஆகியோர் 2018இல் முன்வைத்த பவர்சார்ட் இதே கட்டுப்பாட்டுக்குள் என்ட்ரோபி வரம்பை நெருங்கும் மரத்தை அமைக்கிறது. 2022இல் வந்த பைத்தான் 3.11 அதன் இணைப்பு ஒழுங்கை ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டுகளில் அங்கு மாறியது இணைக்கும் செயல் அன்று, மரத்தின் வடிவம்.

3. ஒரே மரம், வேறு இயக்கம்

வடிவம் ஒன்றாகவே இருந்து இயக்கம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? ஒரு டெராபைட் தரவை, ஒரு கிகாபைட் நினைவகத்தில் அடங்கும் அளவுக்குத் துண்டாக்கி வரிசைப்படுத்தினால் 1,024 தொடர்கள் கிடைக்கும். இரண்டிரண்டாக இணைத்தால் பத்துச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டெராபைட்டைப் படித்து எழுத வேண்டும். ஆயிரத்து இருபத்து நான்கையும் ஒரே நேரத்தில் தோற்றோர் மரத்தால் இணைத்தால் ஒரே சுற்று. தொடருக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடையகம் போதும். இரு முறைகளிலும் ஓர் உறுப்புக்கு ஒப்பீடுகள் பத்துதான். வட்டுப் போக்குவரத்தோ இருபது டெராபைட்டிலிருந்து இரண்டாகக் குறைகிறது. ஒப்பீட்டை மட்டும் எண்ணும் ஆய்வு இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டைக் காணாது.

காந்த நாடாக் காலத்து நிரலாளர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். கில்ஸ்டாட் 1960இல் வெளியிட்ட பாலிஃபேஸ் இணைப்பு, நாடாக்களில் தொடர்களைச் சமமற்ற எண்ணிக்கையில் பங்கிட்டுச் சுற்றுகளைக் குறைத்தது. அகர்வாலும் விட்டரும் 1988இல் நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே நகரும் தொகுதிகளை எண்ணும் கணக்கு மாதிரியை நிறுவினர். நினைவகம் தாங்கும் அளவுக்கு ஒரே நேரத்தில் இணைப்பதே அதன்படி உகந்த வழி. க்னூ ‘சார்ட்’ கட்டளை இயல்பாக 16 கோப்புகளை ஒருசேர இணைக்கிறது. 1,024 தொடர்களுக்கு அது மூன்று சுற்றுகள்.

நினைவகத்துக்குள்ளேயே வேலை நடந்தால் நிலைமை மாறலாம். பைத்தானில் தொடர்களை வெறுமனே அடுத்தடுத்து ஒட்டி, மொழியின் சொந்த வரிசையாக்கச் செயற்கூற்றிடம் கொடுப்பதே பல நேரங்களில் குவியல் வழியைவிட விரைவு. அச்செயற்கூறு ஏற்கெனவே வரிசையில் உள்ள பகுதிகளைத் தானே கண்டறிந்து இணைக்கிறது. அது சி மொழியில் எழுதப்பட்டது. ‘ஹீப்க்யூ’ தொகுப்பில் உள்ள இணைப்புச் செயற்கூறோ பைத்தானிலேயே எழுதப்பட்டது. ஆனால் முதல் பத்து உறுப்புகள் மட்டும் வேண்டும்போதும், தொடர்கள் முடிவின்றி வந்துகொண்டிருக்கும்போதும், உறுப்பு உறுப்பாகத் தரும் பின்னதைத் தவிர வழியில்லை.

இன்றைய தரவுத்தளங்கள் இரு இயக்கங்களையும் ஒருங்கே கையாள்கின்றன. 1996இல் ஓ’நீல் குழுவினர் முன்வைத்த எல்எஸ்எம் மரத்தை அடிப்படையாகக் கொண்ட லெவல்டிபி, ராக்ஸ்டிபி போன்றவை பின்னணியில் கோப்புகளை முழுமையாக இணைத்து வைக்கின்றன. வீச்சு வினவலின்போது எஞ்சியவற்றை உறுப்பு உறுப்பாக இணைத்துத் தருகின்றன. எழுதும்போது எவ்வளவு இணைப்பது, படிக்கும்போது எவ்வளவு விடுவது என்ற அவற்றின் கொள்கை விவாதம் முழுவதும், ஒரே மரத்தின் எப்பகுதியை எப்போது இயக்குவது என்பதே.

4. ஒழுங்குறவு என்னும் முன்நிபந்தனை

மரம் எதுவானாலும், எல்லாத் தொடர்களும் ஒரே ஒழுங்குறவின்படி வரிசைப்பட்டிருக்க வேண்டும். தமிழ்த் தரவில் இந்நிபந்தனை எளிதில் உடைகிறது. யூனிகோடு குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து, ரகரத்துக்கு முன்னே நிற்கிறது. அகராதி வரிசையில் அது மெய்களின் இறுதியில் வருகிறது. ஆகவே குறியெண்படி ‘மனம்’ முன்னது, ‘மரம்’ பின்னது, அகராதிப்படி தலைகீழ். ஒரு நூலகப் பட்டியல் முதல் முறையிலும் மற்றொன்று இரண்டாம் முறையிலும் அமைந்திருந்தால், இணைக்கும் நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராமல் தவறான பட்டியலை வெளியிடும். இணைத்தல் தன் உள்ளீட்டை நம்பி நடப்பது. வரிசையாக்கத்தைப் போல அதைச் சரிசெய்வதில்லை. வெளியேறும் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைவிடச் சிறியதாக இல்லை என்று சோதிக்க உறுப்புக்கு ஓர் ஒப்பீடு போதும். அதைச் சேர்க்காமல் வெளித்தரவை இணைப்பது முறையன்று.

முடிவுரை

பல தொடர்களை இணைக்கும் முறையைத் தேர்பவர் முதலில் நீளங்களைப் பார்த்து மரத்தின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும்: சமமாயின் சமச்சீர், இல்லையெனில் ஹஃப்மன், மூல ஒழுங்கு காக்கப்பட வேண்டுமாயின் பவர்சார்ட். அதன்பின், தரவு இருக்கும் இடத்தையும் விடையைப் பயன்படுத்தும் விதத்தையும் பார்த்து இயக்கத்தை முடிவு செய்ய வேண்டும்: வட்டாயின் ஒரே சுற்றில் பலவற்றை, நினைவகமாயின் இரண்டிரண்டாக, பகுதி விடை போதுமாயின் உறுப்பு உறுப்பாக. குவியல் இந்த அட்டவணையில் ஓர் இடத்துக்கு உரியது, அட்டவணை முழுவதற்கும் அன்று. நம் பாடத்திட்டங்கள் ‘ந × மடக்கை க’ என்ற வாய்பாட்டுடன் நிறுத்திவிடாமல், அது எந்த நிலையில் கீழ்வரம்பு, எந்த நிலையில் வீண்செலவு என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.