வாளால் வேதத்தைக் காக்க முடியுமா?

கிறிஸ்துவ சமயத்தைக் காப்பதற்காக ஒரு மனிதனைக் கொல்வது எப்போதாவது நியாயமாகுமா? இதுதான் இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி.

இன்று பெரும்பாலோர் ‘ஆகாது’ என்றுதான் சொல்வார்கள். ஆனால், பல நூற்றாண்டுகளாக நன்கு கற்றவர்களும் பக்தியில் சிறந்தவர்களும் ‘ஆகும்’ என்றே சொல்லி வந்தார்கள். அவர்கள் எல்லாரையும் கொடியவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் காட்டிய காரணத்தை அறிந்து, அதற்குப் பதில் சொன்னால்தான் நம்முடைய ‘ஆகாது’ என்ற சொல்லுக்கு வலிமை உண்டு.

முதலில் மூலத்துக்குப் போவோம். இயேசுவைக் கைது செய்ய வந்தபோது, அவருடைய சீடரான பேதுரு வாளை உருவி ஒருவனின் காதை வெட்டினார். வாளை உறையில் போடும்படி இயேசு கட்டளையிட்டார். வெட்டுண்ட காதையும் அவர் குணப்படுத்தினார் என்று லூக்காவின் நற்செய்தி கூறுகிறது. கிறிஸ்துவுக்காக உருவப்பட்ட முதல் வாளைத் தடுத்தவர் கிறிஸ்துவே.

அடுத்த மூன்று நூற்றாண்டுகள் ரோமப் பேரரசில் கிறிஸ்துவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். 380இல் பேரரசர் தியோடோசியஸ் கிறிஸ்துவத்தை அரசு சமயமாக்கினார். 385ஆம் ஆண்டு வாக்கில், ஸ்பெயின் நாட்டு ஆயர் பிரிசில்லியன், டிரியர் நகரில் மாக்சிமஸ் என்ற கிறிஸ்துவ மன்னனின் ஆணைப்படி கொல்லப்பட்டார். சூனியம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. உள்ளே இருந்ததோ சமயப் பிணக்கு. தூர் நகர ஆயர் மார்ட்டின் அப்போதே இதை எதிர்த்தார். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. 1095இல் போப் இரண்டாம் அர்பன் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தபோது, சமயத்துக்காக வாளெடுப்பது புண்ணியமாகவே ஆகிவிட்டது.

இந்த நீண்ட வரலாற்றில் ஒரே ஒரு வழக்கை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். கேள்வியின் இரு பக்கமும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

ஜெனீவாவில் எரிந்த தீ

மிகேல் செர்வெட்டஸ் ஸ்பெயின் நாட்டவர், மருத்துவர். தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுள் கொள்கை வேதத்தில் இல்லை என்று 1531இல் ஒரு நூல் எழுதினார். பிறகு பெயரை மாற்றிக்கொண்டு, பிரான்சில் வியென் என்ற ஊரில் மருத்துவராக வாழ்ந்தார். 1553இன் தொடக்கத்தில் மற்றொரு நூலை இரகசியமாக அச்சிட்டார். இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்று திரும்புவதை விளக்கும் பகுதியும் அந்த நூலில் இருந்தது.

கத்தோலிக்க நீதிமன்றம் அவரைக் கைது செய்தது. அவருக்கு எதிரான சான்றுகள், கத்தோலிக்கரின் எதிரிகளான சீர்திருத்தச் சபையினரின் ஜெனீவா நகரிலிருந்து வந்தன! செர்வெட்டஸ் சிறையிலிருந்து தப்பினார். அவருடைய உருவப் படத்தை எரித்து வியென் மன ஆறுதல் அடைந்தது. தப்பியவர் ஆகஸ்டு மாதம் ஜெனீவாவுக்கே வந்து, ஞாயிறு ஆராதனையில் அடையாளம் காணப்பட்டுப் பிடிபட்டார்.

அந்நகரின் சமயத் தலைவர் ஜான் கால்வின். மூவொரு கடவுளை மறுத்தார், குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதை மறுத்தார் என்பவையே செர்வெட்டஸ் மீதான முக்கியக் குற்றச்சாட்டுகள். நகர மன்றம், சூரிக், பெர்ன், பாசல், ஷாப்ஹவுசன் ஆகிய நான்கு நகரங்களிடம் கருத்துக் கேட்டது. நான்கும் அவர் குற்றவாளியே என்றன. 1553 அக்டோபர் 27ஆம் நாள், ஷம்பெல் என்ற இடத்தில் நூலோடு சேர்த்து அவர் உயிருடன் எரிக்கப்பட்டார்.

தீர்ப்பு வழங்கியது நகர மன்றம்தான். எரிப்பதற்குப் பதிலாகத் தலையை வெட்டும்படி கால்வின் கேட்டார், மன்றம் ஏற்கவில்லை. ஆனால், மரண தண்டனை வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

தீயின் நடுவே செர்வெட்டஸ் யாரைக் கூப்பிட்டார்? இயேசுவைத்தான். நித்திய கடவுளின் மகனே, இரங்கும் என்று மன்றாடினார். கடவுளின் நித்திய மகனே என்று சொல்லவில்லை. ‘நித்திய’ என்ற ஒரு சொல்லை எங்கே வைப்பது என்பதில் இருந்தது வேறுபாடு. கடைசி மூச்சில் கிறிஸ்துவை அழைத்த ஒருவரைக் கொன்றுதான் அங்கே கிறிஸ்துவம் ‘காப்பாற்றப்பட்டது’.

கால்வின் சொன்ன காரணம்

1554இல் கால்வின் இந்தத் தண்டனையை நியாயப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய வாதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். கொலைகாரன் உடலைத்தான் கொல்கிறான். பொய்ப் போதகனோ ஆன்மாவையே அழிக்கிறான். மனிதனுக்கு இழைத்த தீங்கைத் தண்டிக்கும் அரசு, கடவுளின் மகிமைக்கு இழைத்த தீங்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? பழைய ஏற்பாட்டின் உபாகமமும் அத்தகையவனுக்கு மரணத்தையே விதிக்கிறதே?

நரகத்தை உண்மையாகவே நம்பிய காலத்தில் இது சாதாரண வாதமன்று. ஆனால், அதன் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதே 1553, மே 16ஆம் நாள், வியென் நகருக்கு அருகிலுள்ள லியோனில், கால்வினின் கொள்கை வழி நின்ற ஐந்து மாணவர்கள் எரிக்கப்பட்டார்கள். சிறையிலிருந்த அவர்களுக்கு ஆறுதல் கடிதம் எழுதியவர் கால்வின். அவர்களை எரித்தவர்கள் சொன்ன காரணம் என்ன? பொய்ப் போதனையிலிருந்து ஆன்மாக்களைக் காக்கிறோம் என்பதுதான்! லியோனில் அநியாயமாக இருந்தது, ஐந்தே மாதத்தில் ஜெனீவாவில் நியாயமாகிவிடுமா?

ஓர் ஏழை அறிஞரின் குரல்

இதை உரக்கக் கேட்டவர் செபாஸ்டியன் காஸ்டெல்லியோ. ஒரு காலத்தில் ஜெனீவாவில் பள்ளித் தலைவராக இருந்தவர். கால்வினோடு கருத்து வேறுபட்டுப் பாசல் நகருக்குப் போய், அச்சகத்தில் பிழை திருத்திக் குடும்பத்தைக் காத்தார். ரைன் ஆற்றில் மிதந்து வரும் கட்டைகளைப் பிடித்து விறகாக்கும் அளவுக்கு வறுமை.

1554இல் அவர் புனைபெயரில் ஒரு நூலை வெளியிட்டார். சமயக் கருத்துக்காக ஒருவரைத் துன்புறுத்தலாமா என்பதே அதன் கேள்வி. திருச்சபைத் தந்தையர், லூதர் ஆகியோரின் கருத்துகளோடு, கால்வினே முன்பு எழுதிய கருத்தையும் அதில் சேர்த்திருந்தார்.

அவருடைய வாதம் எளிமையானது. ஓர் ஊரில் மெய்யான கிறிஸ்துவன் எனப்படுபவன், அடுத்த ஊர் எல்லையைத் தாண்டினால் வேதப் புரட்டன் ஆகிறான். கொலை, களவு ஆகியவை எந்த ஊரிலும் குற்றம்தான். அவற்றைத் தண்டிக்க அரசுக்கு வாள் உண்டு. கருத்துக்கு வாள் பதில் ஆகாது. செர்வெட்டஸ் எழுத்தால் வாதிட்டார்; எழுத்தால் மறுத்திருக்க வேண்டும். மனிதனைக் கொல்வதால் கொள்கை காக்கப்படுவதில்லை; மனிதன்தான் சாகிறான்.

கால்வினுக்கு அவர் எழுதிய நேரடி மறுப்பு அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவில்லை. 1563இல், 48ஆம் வயதில் அவர் இறந்தார். அந்த மறுப்பு 1612இல்தான் வெளிவந்தது.

‘அந்தக் காலம் அப்படி’

1903இல் கால்வினின் வழிவந்தவர்களே ஷம்பெலில் ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். அது செர்வெட்டஸின் மரணத்தை அந்த நூற்றாண்டின் பிழை என்று கண்டிக்கிறது. 350 ஆண்டுகளுக்குப் பிறகாவது வருந்தியது பாராட்டத்தக்கது. ஆனால், பிழையை நூற்றாண்டின் தலையில் மட்டும் சுமத்த முடியுமா? காஸ்டெல்லியோவும் அதே நூற்றாண்டில் பிறந்தவர்தானே! அதே வேதத்தைப் படித்து, அதே கடவுளை வணங்கி, நேர்மாறான முடிவுக்கு அவர் வந்தார். ஆகவே, சரியான பாதை அன்றும் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது.

ஆலயத்தில் வழிபடுவோரைக் கொல்ல ஒருவன் வந்தால் தடுக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அது மனித உயிரைக் காப்பது. எந்தச் சமயத்தவருக்கும், சமயமே இல்லாதவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. சட்டமும் காவல்துறையும் அதற்காகத்தான் இருக்கின்றன. அதைச் சமயத்தைக் காப்பதோடு சேர்த்துக் குழப்பும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. உயிருக்கு வரும் ஆபத்து, தாக்குபவனைத் தடுத்தவுடன் நீங்கிவிடும். கொள்கைக்கு ஆபத்து என்று வாளெடுத்தால், கடைசி மாற்றுக் கருத்துக்காரன் இருக்கும்வரை அந்த வாள் உறைக்குத் திரும்பாது.

செர்வெட்டஸ் எரிந்த பிறகும் மூவொரு கடவுளை மறுப்பவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அக்கொள்கையை ஏற்கும் கோடிக்கணக்கான கிறிஸ்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கை அந்தத் தீயால் வாழவில்லை. தீயால் எதுவும் காக்கப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?