முகமூடியின் இரண்டு வம்சாவளிகள்

2006இல் வெளிவந்த ‘வி ஃபார் வெண்டெட்டா’ படத்துக்கு இயக்கக்காரர்கள் நடுவே இன்றும் ஒரு தனி மதிப்பு இருக்கிறது. வருங்கால லண்டன், சட்லர் என்றொரு சர்வாதிகாரி, ஊரடங்கு, ஒட்டுக்கேட்பு, தன்பால் விருப்பினரை அடைத்துக் கொல்லும் முகாம். அந்த முகாமிலிருந்து தப்பிய ஒருவன் கை ஃபாக்ஸ் முகமூடியை மாட்டிக்கொண்டு தன்னைச் சிதைத்தவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான். கடைசியில் அவன் தயார்செய்து வைத்த வெடிமருந்தில் பாராளுமன்றக் கட்டடம் தகர்கிறது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் அதே முகமூடியோடு வருகிறார்கள். ராணுவம் சுடாமல் நிற்க, அவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த முகமூடிகள் அவர்கள் கைக்கு எப்படி வந்தன? வி பார்சலில் அனுப்பிவைக்கிறான். கலகத்தின் சீருடையே தபாலில் வருகிற கலகம் இது. ஜனங்களுக்குள் அதற்கு முன் ஒரு கூட்டம், ஒரு துண்டறிக்கை, ஒரு வேலைநிறுத்தம் நடந்ததாகப் படத்தில் தடயமே இல்லை. சுவரில் எழுதிய சிறுமி சுட்டுக்கொல்லப்பட்டதும் தெரு பொங்கும் காட்சி ஒன்று உண்டு. உண்மையான கோபம் தெரிகிற இடம் அது. ஆனால் நிமிடங்களில் கடந்துபோய்விடுகிறது.

முகமூடிக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்ப்போம். 1605 நவம்பர் 5 விடிவதற்கு முன், பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டான். சதியின் தலைவன் அவனல்ல, ராபர்ட் கேட்ஸ்பி. ஃபாக்ஸ் ஸ்பெயினின் படையில் நெதர்லாந்தில் சண்டைபோட்டவன். வெடிமருந்து தெரிந்தவன் என்பதால் சேர்க்கப்பட்டவன். அரசன் ஜேம்ஸையும் சபையையும் தூக்கி எறிந்துவிட்டு, ஒன்பது வயது இளவரசி எலிசபெத்தைக் கடத்திச் சிம்மாசனத்தில் உட்கார்த்தி, ஒரு கத்தோலிக்க முடியாட்சியை ஏற்படுத்துவது திட்டம். ஒடுக்கப்பட்ட மதத்தார்தாம், சந்தேகமில்லை. ஆனால் ஜனங்களுக்கு அந்தத் திட்டத்தில் எந்த வேலையும் கிடையாது.

லாபம் யாருக்குப் போயிற்று? அரசனுக்கு. 1606இல் கத்தோலிக்கர்கள் மேல் புதிய சட்டங்கள் வந்தன. அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும். வக்கீல் தொழிலும் மருத்துவமும் செய்யக்கூடாது. நவம்பர் 5ஐ நன்றி வழிபாட்டு நாளாக அனுசரிக்கச் சட்டமே போட்டார்கள். 1859இல்தான் அது ரத்தாயிற்று. இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசு ஆணையோடு நடந்த விழாவில், வருஷாவருஷம் கொளுத்தப்படும் பொம்மையாகத்தான் ஃபாக்ஸின் முகம் உயிரோடிருந்தது. ஆங்கிலத்தில் ஆள், பையன் என்ற அர்த்தத்தில் வழங்குகிற ‘கை’ என்ற சொல் அந்தக் கொளுத்தும் பொம்மையிலிருந்து வந்ததுதான்.

கொளுத்தப்பட்ட முகத்தை நாயகனின் முகமாக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஓவியர் டேவிட் லாய்ட். எழுதியவர் ஆலன் மூர். 1982இல் ‘வாரியர்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகையில் கறுப்பு வெள்ளையில் அந்தப் படக்கதை தொடங்கியது. பத்திரிகை 1985இல் நின்றது. 1988-89இல் அமெரிக்காவின் டிசி நிறுவனம் வண்ணத்தில் அதை முடித்து வெளியிட்டது. தாட்சர் ஆட்சிக் காலம். தன்பால் உறவை ‘ஊக்குவிக்க’ உள்ளாட்சிகளுக்குத் தடைபோட்ட 28ஆம் பிரிவு வந்ததும் அதே 1988தான்.

படக்கதையில் பாசிசம் எப்படி வருகிறது? அணுயுத்தத்துக்குப் பிறகு பஞ்சம், வெள்ளம், கும்பல்கள். ஒழுங்கு வேண்டுமென்று தவித்த ஜனங்கள் முன்னால் கொடியோடு ஒரு கட்சி வருகிறது, ஏற்றுக்கொள்கிறார்கள். படத்தில் வேறு கதை. ஆட்சிக்கு வர விரும்பியவர்களே கிருமியைத் தயாரித்துப் பள்ளிக்கூடத்திலும் சுரங்க ரயிலிலும் பரப்பி, பழியை மதவெறியர்கள் மேல் போட்டு, பிறகு மருந்தும் விற்கிறார்கள். கண்ணாடியைப் பாருங்கள் என்று வி தொலைக்காட்சியில் ஜனங்களிடம் சொல்கிறான்தான். ஆனால் கதையின் கட்டமைப்பு அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. பாவம், ஏமாந்துவிட்டார்கள்! 

1933 ஜெர்மனியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிப்ரவரி 27 இரவு ரைஷ்டாக் எரிந்தது. உள்ளே பிடிபட்டவன் வான் டெர் லுப்பே என்ற டச்சுக் கொத்தனார். அவன் தனியாகவே செய்தானா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மறுநாளே குடியுரிமைகளைப் பறிக்கும் ஆணை வந்தது. இதைமட்டும் சொன்னால் சினிமா மாதிரியே இருக்கும். ஆனால் தீ வைக்கப்படுவதற்கு முன்பே, 1932 ஜூலைத் தேர்தலில், நாஜிகளுக்கு 37.3 சதவீத வாக்குகள் விழுந்திருந்தன. ஹிட்லரைப் பதவியில் உட்காரவைத்ததில் பாப்பென் போன்ற பழமைவாதப் பிரபுக்களுக்குப் பங்குண்டு. சர்வ அதிகாரத்தையும் கையளித்த மார்ச் 23 சட்டத்துக்கு ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்டுகள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். எதிர்த்தவர்கள் சோஷல் டெமாக்ரட்டுகள் மட்டுமே. நடுவிலிருந்த கட்சிகள் எல்லாம் கைதூக்கின. இந்தக் கைதூக்கலைக் காட்ட சினிமாவிடம் காட்சி இல்லை. கிருமிக்குத்தான் காட்சி இருக்கிறது.

இன்னொன்று. படக்கதையில் சர்வாதிகாரியைச் சுட்டுக்கொல்வது ரோஸ்மேரி ஆல்மண்ட். கட்சி அதிகாரி ஒருவனின் விதவை. புருஷன் செத்ததும் கைவிடப்பட்டு, வயிற்றுப்பாட்டுக்குக் கேளிக்கை விடுதியில் ஆடப்போனவள். எந்த முகமூடியும் இல்லாமல் அவள் அதைச் செய்கிறாள். படத்தில் அவள் கிடையாது. தலைவனை அவனுடைய சொந்த ஆளே, வியோடு செய்துகொண்ட பேரத்தில், சுட்டுவிடுகிறான்! மூர் படத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னதில் ஆச்சரியமில்லை.

முகமூடிக்கு இன்னொரு வம்சாவளி இருக்கிறது, ஃபாக்ஸோடு சம்பந்தமில்லாதது. 1720களில் வின்ட்ஸர், ஹாம்ப்ஷயர் காடுகளில் முகத்தில் கரிபூசிக்கொண்டு மான்வேட்டைக்குப் போனவர்களை ஒடுக்க 1723இல் ‘கறுப்புச் சட்டம்’ வந்தது. கரிபூசிய முகத்தோடு ஆயுதம் ஏந்திக் காட்டில் நின்றாலே தூக்கு. ஈ.பி.தாம்சன் 1975இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1839இலும், பிறகு 1842-43இலும் வேல்ஸில் விவசாயிகள் பொம்பளை வேஷம் கட்டிக்கொண்டு சுங்கச்சாவடிகளை உடைத்தார்கள். முன்னால் போகிறவர் பெயர் ‘ரெபெக்கா’, கூட வருகிறவர்கள் அவள் ‘மகள்கள்’. இன்றைக்கு ஒருவர் ரெபெக்கா, நாளைக்கு இன்னொருவர். நியூயார்க் மாநிலத்தின் ஹட்ஸன் பள்ளத்தாக்கில் குத்தகை விவசாயிகள் சீட்டித்துணி அங்கியும் ஆட்டுத்தோல் முகமூடியும் போட்டு, ஜப்திக்கு வந்த ஷெரிப் ஆட்களைத் துரத்தினார்கள். 1845இல் முகமூடித் தடைச்சட்டம் போட்டது மாநில அரசு. மறுவருஷம் வந்த மாநில அரசியல் சாசனம் புதிதாக நீண்டகாலப் பண்ணைக் குத்தகைகள் ஏற்படுத்துவதையும் தடைசெய்தது.

இந்த முகமூடிகளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். ஒரே ஊர், ஒரே நிலம், ஒரே கடன். அடையாளம் தெரியக்கூடாதது பண்ணையாருக்கும் கோர்ட்டுக்கும்தான். வியின் முகமூடியை நாடே போட்டுக்கொண்டாலும் அதற்குள் இருக்கிறவர்கள் அந்நியர்களே. வேண்டியவர் வேண்டியதை அதில் நிரப்பிக்கொள்ளலாம். 2013இல் தாய்லாந்தில் யிங்லக் அரசை எதிர்த்த முடியாட்சி ஆதரவாளர்கள் இதே முகமூடியைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 2014இல் அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

அதற்காக முகமூடி எப்போதும் வெறும் சரக்கு என்று சொல்லிவிட முடியாது. அதைத் தயாரித்து விற்கும் உரிமைத்தொகை வார்னர் கம்பெனிக்குப் போகிறது என்பது தெரிந்ததுதான். 2011இல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்பில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் மேல் நியூயார்க் போலீஸ் பாய்ச்சிய சட்டம் எது தெரியுமா? குத்தகை விவசாயிகளுக்கு எதிராக எழுதப்பட்ட அதே 1845 சட்டம். கடைமுகமூடியையும் ஆட்டுத்தோலையும் அரசு ஒன்றாகத்தான் பார்த்தது. 2020இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

ஹாங்காங்கில் 2019 அக்டோபரில் முகமூடித் தடை வந்தது. மீறினால் ஓராண்டுவரை சிறை. அதற்குப் பயன்படுத்தியது, கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நசுக்க 1922இல் பிரிட்டிஷ் காலனி அரசு இயற்றிய அவசரகாலச் சட்டத்தை. அதை எதிர்த்து ஃபாக்ஸ் முகமூடிகளும், கூடவே சாதாரண மருத்துவ முகக்கவசங்களும் தெருவை நிறைத்தன. 2020 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. அப்போது கொரோனா காலம். முகத்தை மூடாமல் தெருவுக்கு வந்தால் அபராதம் என்ற உத்தரவும் அதே ஊரில் அமலில் இருந்தது.