பேரூர் கனகசபை

கோயம்புத்தூருக்கு மேற்கே, நொய்யல் கரையிலுள்ள பேரூர் பட்டீசுவரர் கோயிலின் நடன மண்டபம் கனகசபை. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்க மரபைச் சேர்ந்த அளகாத்திரி நாயக்கர் இதைக் கட்டுவித்தார்.

கூத்தப்பெருமானின் ஐந்து சபைகள் தில்லை, மதுரை, திருவாலங்காடு, திருநெல்வேலி, குற்றாலம் என்பது வழக்கு. பேரூர் அந்த வரிசையில் இல்லை. ஆயினும் அதற்கு மேலைச் சிதம்பரம் என்ற பெயர் வெறும் ஊர்ப்பெருமையால் வந்ததல்ல. அதற்குத் தேவாரமே சான்று. தில்லையில் குறிஞ்சிப் பண்ணில் பாடிய பதிகத்தில், மேற்கொங்கின் பேரூர்ப் பெருமானைச் சிற்றம்பலத்திலும் கண்டதாகச் சுந்தரர் சொல்கிறார். அவர் காலம் 8ஆம் நூற்றாண்டு. இந்தக் கல்மண்டபம் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாட்டு இரண்டு ஊர்களையும் ஒரே ஆட்டத்தில் சேர்த்துவிட்டது. பேரூருக்குத் தனிப் பதிகம் கிடைக்கவில்லை, அது வைப்புத்தலம். பின்னாளில் அருணகிரிநாதர் இத்தலத்து முருகனுக்குத் திருப்புகழ் பாடினார். கோமுனி, பட்டிமுனி இருவருக்கும் இறைவன் இங்கே ஆடிக் காட்டிய கதையை 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணத்தில் விரித்துரைத்தார்.

மண்டபத்தின் உயிர் அதன் தூண் சிற்பங்களில் இருக்கிறது. ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, யானையை உரித்துப் போர்த்தவர், பிட்சாடனர், அக்கினி வீரபத்திரர், அகோர வீரபத்திரர், ஆனைமுகன், ஆறுமுகன் எனப் பேருருவங்கள் தூண்களை விட்டுப் புறப்படுவதுபோல் நிற்கின்றன. காளியையும் ஊர்த்துவ தாண்டவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போட்டி நடனத்தில் காளி ஈடுகொடுத்து ஆடிவர, சிவன் ஒரு காலைத் தலைவரை உயர்த்தி அவளை நிறுத்திய கணம் அது. நாட்டிய நூல்கள் இந்நிலையை லலாடதிலகம் என்ற கரணத்தோடு பொருத்திச் சொல்லும். யானை உரித்தவரின் உடல் முறுக்கில் ஆடுபவரின் இடுப்பும் தோளும் எதிரெதிரே திரும்பும் நுட்பத்தைச் சிற்பி எப்படிப் புரிந்திருந்தார் என்று வியக்காமல் இருக்க முடியாது. நாட்டியம் பயில்வோர் புத்தகப் படத்தோடு நின்றுவிடாமல் இங்கே வந்து பார்க்க வேண்டும். விதானத்தில் கற்சங்கிலிகளும் தொங்குகின்றன.

பங்குனி உத்திரமும் மார்கழித் திருவாதிரையும் இக்கோயிலின் பெருவிழாக்கள். கோயில் வழிபாட்டில் தமிழ்த் திருமுறைகளே ஒலிக்க வேண்டும் என்று இவ்வூர் ஆதீனத்தின் சாந்தலிங்க இராமசாமி அடிகளார் வாழ்நாளெல்லாம் பாடுபட்டார். ஆதீனம் நடத்தும் தமிழ்க் கல்லூரியும் பேரூரிலேயே இயங்குகிறது.