சான்றிதழில் ஒரு திருத்தம்

நம் வீடுகளில் இன்று பேத்திகள் சர்வசாதாரணமாக இன்ஜினியரிங் படிக்கிறார்கள். 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் பிரிவில் ஏ. லலிதா சேர்ந்தபோது, அந்தக் கல்லூரியில் இருந்த ஒரே பெண் அவர்தான்.

லலிதா 1919-ல் சென்னையில் பிறந்தவர், தெலுங்குக் குடும்பம். பதினைந்து வயதில் கல்யாணம். 1937-ல் மகள் சியாமளா பிறந்து நான்கே மாதத்தில் கணவர் காலமானார். அந்நாளில் இளம் விதவையின் வாழ்க்கை எப்படி முடங்கிப்போகும் என்று நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குயின் மேரீஸ் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். டாக்டருக்குப் படித்தால் நடுராத்திரியில்கூடக் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அதனால் இன்ஜினியரிங்கைத் தேர்ந்தெடுத்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே பேராசிரியர். அவர் கேட்க, முதல்வர் கே.சி. சாக்கோவும் பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டாத்தமும் சம்மதித்தார்கள். லலிதா ஹாஸ்டலில் தங்கினார். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது.

ஹாஸ்டலில் தனியாக எத்தனை நாள் இருக்க முடியும்? பெண்கள் சேரலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அடுத்த ஆண்டு பி.கே. த்ரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். யுத்தகாலத்தில் படிப்பு சுருக்கப்பட்டதால் மூவரும் சேர்ந்தே பட்டம் பெற்றார்கள். சான்றிதழில் 'ஹி' என்றுதான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுக் கையால் 'ஷி' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் மத்திய தர நிறுவனத்தில் வேலை. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. அங்கே மின்கடத்தும் பாதைகள், துணைமின் நிலையங்கள் என்று வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குச் சென்றுவந்தார். 1979-ல் காலமானார். த்ரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதா கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் கல்கத்தாவில் அவரையும் மகளையும் தம் வீட்டில் வைத்துக்கொண்ட உடன்பிறந்தவர் இல்லாவிட்டால் அந்த வேலை நிலைத்திருக்குமா? படித்து, வேலைக்கும் போய், பிள்ளை பிறந்ததும் ராஜினாமா செய்த பெண்கள் நம் குடும்பங்களிலேயே எத்தனை பேர்! கல்லூரியில் இடம் கிடைப்பது இப்போது பெரிய விஷயமில்லை. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் நாம் அதற்குப் பதில் சொல்லலாம்.