புளியமரத்தடிக் கையெழுத்து

ஆர். கே. நாராயணின் 'தி ஃபினான்ஷியல் எக்ஸ்பர்ட்' நாவலின் தொடக்கத்திலேயே ஒரு வங்கி வருகிறது. மத்திய கூட்டுறவு நில அடமான வங்கி, 1914இல் தொடங்கியது. கூட்டுறவுக்கு உழைத்து 'சர்' பட்டம் வாங்கிய ஒரு பதிவாளரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். விவசாயிகளிடம் ஒரு பக்கம், அதிகாரிகளிடம் மறுபக்கம் கூட்டுறவை விளக்கி விளக்கியே குரல் போனவர் அவர். கிராமக் கடன் பற்றிய ஒரு துணைக்குழுவில் இருந்தபோதே இறந்துபோனவர். இவ்வளவும் சொல்லும் நாராயண், பெயரை மட்டும் சொல்வதில்லை. 'சர்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

கல்லூரி நாளில் படித்தபோது அந்தக் கோடு என் கண்ணில் படவில்லை. தருமபுரி வட்டாரத்துப் பழைய கடன் பத்திரங்களைப் படிப்பதே வேலையான பிறகு, நாவலை மறுபடி திறந்தேன். அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஆண்டு இருக்கிறது, பதவி இருக்கிறது, பட்டம் இருக்கிறது, இறந்த விதம்கூட இருக்கிறது. ஓர் ஆளைத் தேடிப் பிடிக்க இது போதும் என்று நம்பினேன்.

நாவலின் நாயகன் மார்கய்யா அந்த வங்கியின் ஊழியர் அல்லர். எதிரே ஆலமரத்தடியில் தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர். பெட்டியில் பேனா, மைப்புட்டி, கணக்குநோட்டு, வங்கியிலிருந்து எப்படியோ கைக்கு வந்த கடன் படிவங்கள். எந்த விவசாயிக்கு எத்தனை பங்கு, எவ்வளவு பாக்கி, எந்த நிலம் ஏற்கெனவே ஈட்டில் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். செல்லப் பிள்ளை பாலு ஒருநாள் அந்தக் கணக்குநோட்டைச் சாக்கடையில் எறிகிறான், பிழைப்பே போகிறது. பிறகு நாற்பது நாள் லட்சுமி பூஜை, தாம்பத்தியம் பற்றிய ஒரு புத்தக வியாபாரம், போர்க்காலத்துக் கறுப்புப் பணத்துக்கு வாரி வழங்கிய வட்டி, மலைபோல் குவிந்த டெபாசிட், ஒரே நாளில் சரிவு. கடைசியில் மறுபடி அந்தத் தகரப்பெட்டி.

மால்குடி கற்பனை ஊர். அதைத் தருமபுரிப் பக்கம் தேடுவானேன் என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆர். கே. என்பதில் முதல் எழுத்து ராசிபுரம். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் ராசிபுரம், நாவல் வெளிவந்த 1952இல் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரியும் அப்போது சேலம் மாவட்டம்தான். 1965 அக்டோபர் 2இல்தான் பிரிந்தது. நாராயண் பிறந்தது சென்னைப் புரசைவாக்கத்தில், வாழ்ந்தது மைசூரில். ஊர்ப்பெயர் ஒருவரை அந்த ஊர்க்காரர் ஆக்கிவிடாது. அதை ஆதாரமாக நான் வைக்கவில்லை. என்னை இழுத்தது நாவலில் வரும் பெயர்கள். வங்கிச் சேவகன் அருள்தாஸ், தமிழ்க் கிறிஸ்தவப் பெயர். கடன்கார விவசாயி கந்தன். நாயகன் பெயரிலோ கன்னடத்து 'அய்யா'. இரண்டு மொழியும் ஒரே மரத்தடியில் உட்காரும் ஊர் எங்களுக்குப் புதிதல்ல. ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம்.

முதலில் 'சர்' யார் என்று பார்த்தேன். சென்னை மாகாணத்தில் கூட்டுறவு என்றதும் வரும் முதல் பெயர் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன். நில வங்கிகளும் விவசாய வங்கிகளும் இங்கே வேரூன்றுமா என்று ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகள் எழுதியவர். மாகாணத்தின் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னவரும் அவரே. தொண்டை போகும் அளவுக்குப் பேசியவர் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அவர் பின்னாளில் மீன்வளத்துக்குப் போனார்; இறந்தது 1936இல், தொண்ணூறு வயதை ஒட்டி. குழுவில் உட்கார்ந்தபடி அல்ல.

அடுத்தவர் பி. ராஜகோபாலாச்சாரி. 1904 கூட்டுறவுச் சட்டம் வந்ததும் மாகாணத்தின் முதல் பதிவாளர். இவர் நமது ராஜாஜி அல்லர். திருவிதாங்கூர் திவானாக இருந்தவர், பின்பு சட்டமன்றத் தலைவர். 'சர்' பட்டமும் உண்டு. ஆனால் அவர் புகழ் திவான் பதவியால் வந்தது. மூன்றாவதாக எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கூட்டுறவுப் பதிவாளர், பஞ்சாங்கக் கணிதத்தில் பெரும் அறிஞர். 1925இல் சட்டமன்றத் தலைவர் பதவியில் இருக்கும்போதே இறந்தார். இவர் திவான் பகதூர், 'சர்' அல்லர். ஒருவரிடம் பட்டம், ஒருவரிடம் பதவி, ஒருவரிடம் சாவு. மூன்றும் ஒருவரிடம் சேரவில்லை. நாராயண் கோடு இழுத்த இடத்தில் ஒரு தலைமுறை அதிகாரிகளே நிற்கிறார்கள் என்பது என் முடிவு.

அப்புறம் ஆண்டு. 1912 சட்டம்தான் மத்திய வங்கிகளுக்கு வழி திறந்தது. ஆகவே 1914இல் ஒரு 'மத்திய கூட்டுறவு வங்கி' இயல்பானது. 'நில அடமானம்' என்ற சொல்தான் இடித்தது. இந்தியாவின் முதல் கூட்டுறவு நில அடமான வங்கி 1920இல் பஞ்சாபின் ஜாங்கில் வந்தது. சென்னையில் மத்திய நில அடமான வங்கி 1929இல். 1914இல் அப்படியொரு பலகை எந்த ஊரிலும் தொங்கியிருக்க முடியாது. இது தவறா? முதலில் தவறு என்றே குறித்து வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். குறுகிய காலக் கடன் கொடுக்கும் வங்கியையும் நிலத்தை ஈடு வாங்கும் வங்கியையும் நாவல் ஒன்றாக்கிவிட்டது. விவசாயியின் கண்ணில் அவை என்றைக்கு இரண்டாக இருந்தன? எங்கள் ஊரில் எல்லாமே 'சொசைட்டி', மிஞ்சினால் 'நெலவள பேங்க்'.

நிலத்தை ஈடு வைப்பது என்று வந்தால் இந்த மண்ணுக்கு ஒரு தனிக்கதை உண்டு. 1792இல் திப்பு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த, எங்கள் வட்டாரமும் அடங்கிய பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் வரி நிர்ணயம் செய்தார்கள். மன்றோ தங்கி வேலை பார்த்தது தருமபுரியில். ரயத்துவாரி முறை நடை பழகியது இங்கேதான்: ஒவ்வொரு விவசாயியோடும் நேராக ஒப்பந்தம், பட்டா, ரொக்கமாகக் கிஸ்தி. கிஸ்தி தவணைக்குக் காத்திருக்கும். கேழ்வரகும் நிலக்கடலையும் மழைக்குக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் வட்டிக்காரர் வந்து உட்கார்ந்தார். கையில் பட்டா இருந்ததால் அடகு வைக்க ஒரு பொருளும் இருந்தது. மார்கய்யாவின் தகரப்பெட்டியை நான் மன்றோவின் பட்டாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

நிக்கல்சன் சொன்ன 45 கோடி, 1935இல் சத்தியநாதன் அறிக்கையில் 200 கோடி ஆயிற்று. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். 1932 அக்டோபர் 1க்கு முந்திய கடனில் நிலுவை வட்டி தள்ளுபடி. அசலைப் போல் இரு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. எத்தனையோ குடும்பங்களை மூச்சு விட வைத்த சட்டம். ஆனால் புரோநோட்டில் உள்ள தேதியைப் படிக்கத் தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்? எது முந்திய கடன், எது பழைய கடனைப் புதுப்பித்து எழுதியது, எத்தனை முறை எவ்வளவு கட்டினோம் என்று காட்ட ஓர் எழுதுகிறவர் வேண்டியிருந்தது. சட்டம் விவசாயிக்குச் செய்த நன்மை மரத்தடி வழியாகத்தான் அவனிடம் போய்ச் சேர்ந்தது.

நாவல் லண்டனில் மெத்துவன் வெளியீடாக வந்த 1952ஐ ஒட்டியே, ரிசர்வ் வங்கிக்காக 75 மாவட்டங்களில் கிராமக் கடன் ஆய்வு நடந்தது. விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவு கொடுத்தது நூற்றுக்கு 3.1, லேவாதேவிக்காரர் கொடுத்தது ஏறக்குறைய 70. அறிக்கையின் அட்டவணையில் வங்கிக்கு வரிசை உண்டு, லேவாதேவிக்காரருக்கும் உண்டு. வங்கி வாசலில் படிவம் எழுதியவருக்கு வரிசை இல்லை. நாவலையும் ஆய்வையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒன்று விட்ட ஆளை மற்றொன்று பிடித்திருப்பது தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. தாத்தாவின் புரோநோட்டுகள், இரண்டு கிரயப் பத்திரம், ஒரு போக்கியப் பத்திரம், கிணறு வெட்டக் கேட்ட கடன் படிவத்தின் நகல். பத்திரங்களின் அடியில் வழக்கப்படி எழுதியவர் பெயர் இருந்தது. கடன் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. மனுதாரர், ஜாமீன்தாரர், சாட்சி. அவ்வளவுதான். மனுதாரர் இடத்தில் தாத்தாவின் கைநாட்டு. மேலே உள்ள அத்தனை வரியும் அவர் எழுதியதல்ல.

படிவத்தையும் போக்கியப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். 'ழ'வின் வால் இடப்பக்கம் நீண்டு அடுத்த வரியைத் தொடும். ரூபாய்க் குறியின் மேல் சின்னதாய் ஒரு புள்ளி. இரண்டிலும் அதே கை.

பக்கத்துத் தெரு ஆயாவிடம் காட்டினேன். எழுத்துத் தெரியாது, தாளைத் தடவிப் பார்த்தார்.

"தாலுக்காபீசு எதிர்ல புளியமரம் இருந்துச்சே கண்ணு, அதுக்கடியில பெட்டி வச்சிக்கினு குந்தியிருப்பாரு. நாமளா போனா மூணு வாட்டி திருப்பி அனுப்புவாங்க. அவரு எழுதிக் குடுத்தா ஒரே தபா பாஸாவும்."

"எவ்வளவு வாங்குவாரு ஆயா?"

"எழுதறதுக்கு எட்டணா. கடன் வந்தா அப்புறம் வேற கணக்கு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்க மேட்டுக்காடு அவராலதான் மீண்டுச்சு. கழனி அவராலதான் போச்சு."

போக்கியப் பத்திரத்தில் உள்ள அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். என் குறிப்பேட்டில், தாத்தாவின் கடன் படிவத்துக்கு நேரே, எழுதியவர் என்று போட்டு ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.