முப்பத்துநான்கு முனைகள்: நெகிழ்வட்டு இயக்கியின் தரப்பாடும் பழைய வீட்டுக் கணனிகளும்

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொருள் எப்போது, எவரால் ஆக்கப்பட்டது என்ற வினாவுக்கு விடை கிடைத்ததும் ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கருதப்படுகின்றது. அப்பொருளைச் சந்தை கைவிட்ட பின்னர், அதனைப் பயன்படுத்துவோர் கையில் அதற்கு யாது நேர்கின்றது என்பது அரிதாகவே ஆராயப்படுகின்றது. 1980களில் மேற்கு நாடுகளின் இல்லங்களிற் புகுந்த வீட்டுக் கணனிகளுக்கு, ஐ.பி.எம். வழிவந்த பீசீக் கணனிகளின் நெகிழ்வட்டு இயக்கிகளைப் பொருத்தும் முயற்சி இவ்விரண்டாவது வினாவுக்குத் தக்கதொரு சான்றாகும். பொதுவழக்கில் ஃபுளொப்பி என வழங்கிய இச்சாதனத்தின் வரலாற்றை அந்நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

நெகிழ்வட்டினை 1971இல் ஐ.பி.எம். நிறுவனம் 8 அங்குல அளவில் வெளியிட்டது. பெருங்கணனிகளுக்கு நுண்கட்டளைகளை ஏற்றுவதே அதன் தொடக்க நோக்கமாக இருந்தது. அந்நிறுவனத்தில் முன்னர் பணிபுரிந்த அலன் ஷுகார்ட் என்பார் 1973இல் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் அதனை விட்டு நீங்கிய பின்னர், 1976இல், அந்நிறுவனம் 5¼ அங்குல இயக்கியை வெளியிட்டது. அவ்வட்டில் 35 தடங்களே இருந்தன. ஏறத்தாழ 110 கிலோபைட் தரவே அடங்கியது.

ஆயினும் வரலாற்று நோக்கில் முக்கியமானது அதன் கொள்ளளவன்று. இயக்கியையும் கணனியையும் இணைத்த 34 முனைகளின் ஒழுங்கே. ஒற்றை எண் கொண்ட முனைகள் யாவும் புவியிணைப்பு. இரட்டை எண் கொண்டவை குறிகைகளைச் சுமப்பவை. தட்டையான நாடாக் கம்பி ஒன்றே போதுமானது. எந்த அரசும் இதனைச் சட்டமாக்கித் தொடங்கவில்லை. ஒருவர் இயக்கிக்குப் பதிலாகத் தமது இயக்கியை விற்க விரும்பிய ஏனைய உற்பத்தியாளர் அதே ஒழுங்கைப் பின்பற்றினர். போட்டியே பொதுமையைத் தோற்றுவித்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

2

1981இல் ஐ.பி.எம். பீசீ வெளிவந்தபோது இவ்வொழுங்கில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. ஷுகார்ட் முறையில், ஒவ்வோர் இயக்கியும் தான் எத்தனையாவது இயக்கி என்பதைச் சிறு இணைப்பு ஒன்றினால் அறிந்துகொள்ளும். அதனைக் கையால் அமைத்தல் வேண்டும். ஐ.பி.எம். எல்லா இயக்கிகளையும் இரண்டாவது இயக்கியாகவே அமைத்துவிட்டு, நாடாக் கம்பியில் 10 முதல் 16 வரையான ஏழு இழைகளைத் திருப்பிவிட்டது. இத்திருப்பத்துக்கு அப்பால் இணைக்கப்பட்ட இயக்கி முதலாவதாகவும், இப்பால் இணைக்கப்பட்டது இரண்டாவதாகவும் இயங்கின. கணனியைப் பொருத்துவோரின் வேலை இதனாற் குறைந்தது.

பீசீயை ஒத்த கணனிகள் உலகச் சந்தையை நிரப்பியபோது இச்சிக்கனம் இயக்கியின் உடலமைப்பையே மாற்றியது. எவரும் மாற்றாத இணைப்பு எதற்கு என்ற கணக்கில் அதனை உற்பத்தியாளர் நீக்கினர். இயக்கி நிரந்தரமாக இரண்டாம் எண்ணுக்கு உரியதாயிற்று. முன்னர்ப் பல இயக்கிகளில் 'ஆயத்தம்' என்ற குறிகையைத் தந்த 34ஆம் முனை, 'வட்டு மாற்றப்பட்டது' என்ற குறிகையைத் தருவதாயிற்று. ஒவ்வொரு மாற்றமும் தன்னளவில் நியாயமானதே. ஆனால் அவற்றின் திரண்ட விளைவு யாதெனில், எல்லோருக்கும் உரியதாயிருந்த ஓர் உறுப்பு ஒரே வகைக் கணனிக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிற்று என்பதே.

3

இச்சுருக்கத்தின் விளைவை இரு கணனிகளில் நோக்கலாம். முதலாவது, பிரித்தானியாவின் அம்ஸ்ட்ராட் நிறுவனம் 1985இல் வெளியிட்ட சீ.பி.சீ. 6128. பிறர் 3½ அங்குல வட்டினை நோக்கிச் சென்றபோது இந்நிறுவனம் 3 அங்குல வட்டினைத் தெரிந்தெடுத்தது. அவ்வட்டு நிலைக்கவில்லை. இயக்கியைச் சுழற்றும் இறப்பர் வார் காலப்போக்கில் நெகிழ்ந்து பயனிழந்தது. வட்டுகளும் கிடைத்தற்கு அரியவாயின. ஆயினும், இக்கணனியின் வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லு ஐ.பி.எம். பீசீ பயன்படுத்திய அதே 765 இனத்தது. மேற்றோற்றத்தில் வேறுபட்ட இரு பொறிகளுக்கு அடித்தளம் ஒன்றாகவே இருந்தது. ஆகவே, பீசீ இயக்கியை இரண்டாவது இயக்கியாக இணைப்பது எளிது. 34ஆம் முனைக்கான இழையை அறுத்து, கணனியின் பக்கத்தை அருகிலுள்ள புவியிணைப்போடு சேர்த்துவிட்டால், இயக்கி எப்போதும் ஆயத்தமாக உள்ளது எனக் கணனி நம்பும். அதன் வட்டுச் செயன்முறை வட்டின் ஒரு பக்கத்தையே அறியும். எனவே மறுபக்கத்தைத் தெரிவதற்கு ஓர் ஆளியும் பொருத்தினர். உள்ளிருந்த 3 அங்குல இயக்கியை மாற்ற முனைந்தோர் வேறொன்றை அறிய வேண்டியிருந்தது. அதன் மின்னிணைப்பில் 5 வோல்ற்றும் 12 வோல்ற்றும் பீசீ ஒழுங்குக்கு எதிர்மாறாக அமைந்திருந்தன. அதனை அறியாதோர் புதிய இயக்கியை எரித்தனர்.

இரண்டாவது, கொமடோர் நிறுவனத்தின் அமிகா. இதன் முதல் இயக்கி பீசீ இயக்கிக்குரிய 12ஆம் முனையை நாடாது 10ஆம் முனையை நாடும். வட்டு மாற்றத்தை 2ஆம் முனையிலும் ஆயத்த நிலையை 34ஆம் முனையிலும் எதிர்பார்க்கும். இழைகளை இடம்மாற்றினால் முதலிரண்டும் தீரும். ஆயத்தக் குறிகையோ பீசீ இயக்கியின் வெளிமுனைகளில் இல்லை. இயக்கியின் மின்சுற்றினுள் அதனைத் தேடிப் பற்றாசு வைத்தல் வேண்டும்.

கொமடோர் 1994இல் முறிவடைந்தது. 1995இல் அதன் உடைமைகளை வாங்கிய ஜேர்மனியின் எஸ்கொம் நிறுவனம் அமிகா 1200ஐ மீண்டும் உற்பத்தி செய்தபோது, பீசீ இயக்கிகளையே திருத்திப் பொருத்திற்று. ஆயத்தக் குறிகை முறையாகத் தரப்படாமையால் சில விளையாட்டுகள் அக்கணனியில் ஏறவில்லை. பின்னர் ஆர்வலர் தம் மேசையில் எதிர்கொண்ட சிக்கலையே நிறுவனமும் எதிர்கொண்டது. வேறுபாடு ஒன்றுண்டு: நிறுவனம் அரைகுறைத் தீர்வோடு பொருளைச் சந்தைக்கு அனுப்பிற்று, ஆர்வலர் குறையை ஆராய்ந்து, திருத்த வரைபடங்களை விலையின்றிப் பகிர்ந்துகொண்டனர்.

4

இவை பொழுதுபோக்கினரின் சில்லறை வேலைகள் அல்லவா என்ற ஐயம் எழலாம். 1985இல் அமிகாவின் அறிமுக விழாவில் ஓவியர் அன்டி வார்ஹோல் அக்கணனியிற் படம் வரைந்து காட்டினார். அக்காலத்தில் அவர் அமிகாவில் ஆக்கிய படங்கள் பிட்ஸ்பேர்க்கிலுள்ள அவரது அரும்பொருளகத்தின் நெகிழ்வட்டுகளில் உறங்கிக் கிடந்தன. கார்ணகி மெலன் பல்கலைக்கழகக் கணனிக் கழகத்தார் உள்ளிட்ட குழுவினரால் அவை மீட்டெடுக்கப்பட்ட செய்தி 2014இலேயே வெளியாயிற்று. பழங்கணனிகளின் வட்டமைப்பை விடாது பயின்ற ஆர்வலர் மரபு இல்லையேல் இத்தகைய மீட்பு இயலாது. புகழ்பெற்ற ஓவியருக்கு ஓர் அரும்பொருளகம் உண்டு. சங்கக் கணக்குகளையும் கடிதங்களையும் முற்றுப்பெறாக் கதைகளையும் வட்டில் எழுதிவைத்த சாதாரண மனிதருக்கு, அவ்வட்டினை வாசிக்கவல்ல அயலவர் ஒருவரே அரும்பொருளகம்.

எனினும், இம்முயற்சியை மிகைப்படுத்தலும் தவறாகும். பீசீ இயக்கி முடிவான தீர்வன்று. சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் யப்பானில் 3½ அங்குல வட்டு விற்பனையை நிறுத்திற்று. மாற்றுறுப்பாக வந்த இயக்கியும் தானே அரும்பொருளாயிற்று. அதன் இடத்தை, யூ.எஸ்.பி. நினைவகத்தை வட்டென நடித்துக் காட்டும் கருவிகள் பற்றியுள்ளன. வியப்பு யாதெனில், அக்கருவிகளும் அதே 34 முனைகளைக் கொண்டே கணனியோடு பேசுகின்றன. காந்த வட்டு மறைந்தது. அதன் இணைப்பொழுங்கு எஞ்சியது.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்றே. ஒரு பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் உலோகமோ பிளாத்திக்கோ அன்று. அது எவ்வாறு இயங்குகின்றது என்ற அறிவு எவர் கையில் உள்ளது என்பதே. ஷுகார்ட்டின் முனையொழுங்கு பலரும் அறிந்த பொதுவுடைமையாயிருந்தமையால் அது தன் நிறுவனத்தையும் விஞ்சி வாழ்ந்தது. ஏட்டுச் சுவடிகள் காலங்கடந்து வந்தமைக்குக் காரணம் ஓலையின் உறுதியன்று. படியெடுக்கத் தெரிந்தோர் தலைமுறைதோறும் இருந்தமையே. வட்டுக்கும் அவ்விதியே பொருந்தும்.